ஏற்றத்தில் ஏறும் சூடு

டீசல் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "பெரிய எக்ஸோஸ்ட் ஒண்டு போடவேணும்" என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, பின்னால் என்ன இழுக்கிறீர்கள் என்பதைத்தான். படகா, கேரவனா, புல்வெட்டும் இயந்திரங்கள் ஏற்றிய ட்ரெயிலரா, சின்ன எக்ஸ்கவேற்றரா? எத்தனை கிலோ வரும்? எந்தப் பாதையில் அதிகம் ஓடுகிறீர்கள்? ஒன்றும் இழுப்பதில்லை, சத்தம் எடுப்பாக இருக்கவேண்டும் என்பவரை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவேன். பாரம் இழுக்கும் வண்டியின் புகைக்குழாய் என்பது சூட்டைப் பற்றிய விஷயம். சத்தம் அதில் ஒரு தொந்தரவு மட்டுமே.

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் நடத்தும் கராஜ்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் கார் வேலை. நான் கனரக வாகனங்களுக்கான 310டி சான்றிதழ் எடுத்தவன் என்பதால் டீசல் வண்டிகள் என்னைத் தேடி வரத் தொடங்கின. தோட்டவேலை, கொங்கிறீற் வேலை, பனி அள்ளும் வேலை என்று சொந்தத் தொழில் செய்யும் தமிழர்களிடம் முக்கால் தொன், ஒரு தொன் பிக்கப்கள் இருக்கும். அந்த வண்டிதான் அவர்களுடைய வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் இழுக்கிறது. அது ஒரு கிழமை படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே இந்த வேலையில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன்.

டீசல் எஞ்சினில் வலுவைத் தீர்மானிப்பது உள்ளே பீச்சப்படும் டீசலின் அளவு. பெற்றோல் எஞ்சினில் எரிபொருள் குறைந்து காற்று கூடினால் சூடு ஏறும். டீசலில் நேர் எதிர். காற்று போதாமல் டீசல் கூடினால்தான் சூடு ஏறும், கரும்புகையும் வரும். வெறும் வண்டியாகச் சமதரையில் ஓடும்போது டர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பம் 300, 350 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். நாலு தொன்னைக் கொழுவிக்கொண்டு ஏற்றத்தில் மிதித்தால் கொஞ்ச நேரத்திலேயே 600ஐத் தாண்டும். 1,250 பாகை பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 675 செல்சியஸ், நீண்டநேரம் தாண்டவிடக்கூடாத எல்லை என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. அலுமினியம் உருகுவது 660 பாகையில். பிஸ்ரன் அலுமினியக் கலவையால் செய்தது. அது உடனே உருகிவிடாமல் தப்புவதற்குக் காரணம், சுடுவாயு அதன் தலையைத் தாக்குவது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதி நேரம் மட்டுமே என்பதும், அடியிலிருந்து எஞ்சின் ஒயில் பீச்சி அதைக் குளிர்விக்கிறது என்பதும்தான். அந்தச் சலுகைக்கும் ஒரு முடிவு உண்டு. பிஸ்ரன் தலை வெடிப்பதும், எக்ஸோஸ்ட் மனிபோல்ட் கீறுவதும், டர்போவின் சில்லு கெடுவதும் இந்த எல்லைக்கு மேலே நெடுநேரம் ஓடிய வண்டிகளில்.

புகையைப் பார்த்துப் பழுது சொல்லும் பழக்கம் எனக்கு யாழ்ப்பாணத்தில் வந்தது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அந்தப் புகையின் மணத்திலும் நிறத்திலும் எஞ்சினின் நிலைமையைக் கராஜ் முதலாளி சொல்லுவார். நாங்கள் பக்கத்தில் நின்று பழகினோம். கறுப்பு என்றால் காற்றுப் போதவில்லை, நீலம் என்றால் ஒயில் எரிகிறது, வெள்ளை என்றால் எரியாத எண்ணெய் அல்லது தண்ணீர். அந்த அறிவு இன்றைக்கும் உதவுகிறது. ஆனால் 600 பாகைக்கும் 700 பாகைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் காணமுடியாது. அதற்கு மானி வேண்டும்.

அதனால்தான் எந்த வண்டியிலும் குழாயில் கைவைக்க முன்னர் வெப்பமானி ஒன்றைப் பூட்டுகிறேன். மனிபோல்டில், சிலிண்டர்களின் வாயு ஒன்றுசேரும் இடத்தில், டர்போவுக்கு முன்னால் அதன் முனை இருக்கவேண்டும். டர்போவுக்குப் பின்னால் பூட்டுவது சுலபம். ஆனால் பாரம் இழுக்கும்போது இரண்டு இடத்துக்கும் இடையே நூறு பாகைக்கு மேல் வித்தியாசம் வரும், அதுவும் ஒரே அளவாக வராது. துளையிடும்போது துரப்பண அலகிலும் மரை வெட்டும் கருவியிலும் கிறீஸ் தடவினால் இரும்புத்தூள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். மிச்சத்தைக் காந்தத்தால் எடுக்கவேண்டும். உள்ளே விழும் ஒரு துண்டு டர்போவின் சில்லைத் தின்றுவிடும். அவசரக்காரர் செய்கிற வேலையல்ல இது.

ஒருமுறை தோட்டவேலைக்காரர் ஒருவர், என்னைவிட வயதில் மூத்தவர், 2007க்கு முந்திய 5.9 லிற்றர் கம்மின்ஸ் எஞ்சின் பூட்டிய வண்டியோடு வந்தார். மஸ்கோகா பக்கம் ஏரிக்கரை வீடுகளில் வேலை. ட்ரெயிலரும் அதன்மேல் சின்ன எக்ஸ்கவேற்றருமாக நாலரைத் தொன்னுக்குக் கிட்ட வரும். ஒன்ராறியோவில் ஜி வகுப்பு அனுமதிப்பத்திரத்தோடு இழுக்கக்கூடியது 4,600 கிலோ வரைதான். அந்த எல்லையை ஒட்டித்தான் அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, முந்தின மாதிரி ஏத்தத்தில இழுக்குதில்லை. குழாயைப் பெரிசாக்கி விட்டால் சரிவரும் எண்டு சொல்லுறாங்கள்."

"முதல்ல சூடு எவ்வளவு போகுதெண்டு பாப்பம், அண்ணை. பிறகு குழாயைப் பற்றிக் கதைப்பம்."

மானியைப் பூட்டி, பாரத்தோடு 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனோம். பரி நகருக்கு அப்பால் வந்த முதல் நீண்ட ஏற்றத்திலேயே முள் 700ஐத் தாண்டியது. டர்போவின் அழுத்தமோ இருக்கவேண்டியதைவிட மிகக் குறைவு. பின்னால் கரும்புகை. காற்று எங்கோ கசிகிறது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. கராஜுக்குத் திரும்பி, காற்று உள்ளே போகும் பாதையை அடைத்து, அழுத்தக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தோம். டர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர்க் குழாய் இறுக்கியின் கீழே கிழிந்திருந்தது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாத இடம். வண்டி சும்மா நிற்கும்போது அந்தக் கிழிசல் மூடியிருக்கும். பாரத்தில் அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். அந்தக் குழாயையும், சேறு பிடித்த காற்று வடிகட்டியையும் மாற்றி, இன்டர்கூலரின் செதில்களில் அடைத்திருந்த புல்லையும் மண்ணையும் கழுவினோம். அதே ஏற்றத்தில் முள் 650க்குக் கீழே நின்றது. அதுவரைக்கும் புகைக்குழாயில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை.

குழாய் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. அவருடைய வண்டியில் அது தேவைப்பட்டது. பழைய சைலன்சருக்குள் தடுப்புத்தகடு உக்கிக் கழன்று வழியை மறித்திருந்தது. தட்டிப் பார்த்தால் உள்ளே கிலுகிலுத்தது. அந்தக் காலத்துப் பிக்கப்கள் பலவற்றில் கொம்பனிக் குழாய் மூன்று அல்லது மூன்றரை அங்குலம். சில இடங்களில் வளைவில் நசுங்கி இன்னும் ஒடுங்கியிருக்கும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 5.9 லிற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில், டர்போ காற்றை இரட்டிப்பு அடர்த்தியில் தள்ளும்போது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 15,000 லிற்றர் காற்றை உள்ளே எடுக்கும். டர்போவைத் தாண்டி 450 பாகையில் வெளியே வரும்போது அது சூட்டினால் விரிந்து இரண்டரை மடங்குக்குக் கிட்ட ஆகிவிடும். நொடிக்கு 600 லிற்றர் வாயு அந்தக் குழாய்க்குள்ளால் போகவேண்டும். மூன்று அங்குலக் குழாயின் வாய்ப் பரப்பு ஏறத்தாழ 7 சதுர அங்குலம். நாலு அங்குலத்துக்கு அது பன்னிரண்டரை. விட்டம் ஒரு அங்குலம் கூட, உராய்வால் வரும் அழுத்த இழப்பு நாலில் ஒரு பங்காகக் குறையும். அதனால் டர்போவின் பின்பக்கம் இலகுவாகிறது. டர்போவின் சில்லைச் சுழற்றுவது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். பின்பக்க அழுத்தம் குறைந்தால் சில்லு சீக்கிரம் வேகம் பிடிக்கும், காற்றுக் கூடும், சூடு இறங்கும். "எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் வேணும்" என்று பல கராஜ்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டர்போ டீசலில், டர்போவுக்குப் பின்னால், அப்படி ஒரு தேவை கிடையாது.

நாலிலிருந்து ஐந்து அங்குலத்துக்குப் போனால் மிச்சமிருக்கும் இழப்பு மூன்றில் ஒன்றாகும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த மிச்சமே சொற்பம். கொம்பனி வலுவில் ஓடும் வேலை வண்டிக்கு ஐந்து அங்குலக் குழாய் கண்காட்சிக்கு மாத்திரம். நாலு போதும். அந்த அண்ணையின் வண்டிக்கும், அதில் இருந்த கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரை அதன் இடத்திலேயே விட்டு, அதற்குப் பிறகு நாலு அங்குலம் போட்டோம். இன்னுமொரு முப்பது பாகை குறைந்தது. கிழிந்த ரப்பர்க் குழாயைத் திருத்தியதில் கிடைத்த பலனோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனாலும் நீண்ட ஏற்றத்தில் அந்த முப்பது பாகைக்கு மதிப்பு உண்டு.

ஒன்ராறியோவில் இந்த வேலையின் பாதி, பழையதைக் கழற்றுவதுதான். குளிர்காலம் முழுவதும் வீதியில் உப்புத் தூவுகிறார்கள். சில வருடங்களில் போல்ட்டின் தலை எது, துரு எது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். முதல்நாளே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைப்பேன். பிறகு கழற்றும் பக்கம் திருப்ப முன்னர், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்துப் பார்ப்பேன். அந்தச் சிறு அசைவில் துருவின் பிடி உடைந்தால் அதிர்ஷ்டம். உடையாவிட்டால் நட்டை மட்டும் சிவக்கச் சூடாக்குவேன். டர்போவின் வாயில் இருக்கும் ஸ்ரட்டுகளில் மட்டும் பலத்தைக் காட்டக்கூடாது. அங்கே ஒன்று முறிந்தால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகும். கண்ணுக்கு மூடிய கண்ணாடி போடாமல் வண்டியின் கீழே போகும் பிள்ளைகளை நான் உடனே வெளியே கூப்பிட்டுவிடுவேன். துருத்தூள் கண்ணுக்குள் போனால் அது சாதாரணத் தூசியல்ல.

அந்த உப்பு, உலோகத்தையும் தேர்ந்தெடுத்துத் தருகிறது. அலுமினியம் பூசிய உருக்குக் குழாய் மலிவு. வெட்டி ஒட்டிய இடத்தில் பூச்சு எரிந்துபோக, அங்கே முதலில் உக்கும். 409 ரகத் துருப்பிடியா உருக்கு நடுத்தரம். மேலே பழுப்பாகும், ஆனால் தாக்குப்பிடிக்கும். 304 விலை கூடியது, அழகானது, சூட்டில் அதிகம் விரிவதும் அதுதான். மூன்று மீற்றர் 304 குழாய் 400 பாகை சூடேறினால் இரண்டு சென்ரிமீற்றர் நீளும். 409 என்றால் அதைவிடக் குறைவு. குழாயை இரும்புக் கொக்கியால் இறுக்கிக் கட்டிவிட்டால் அந்த நீளம் எங்கே போகும்? ஒட்டிய இடத்தில் கீறும், அல்லது டர்போவின் வாயைத் தள்ளும். ஆகவே ரப்பர்த் தொங்கிகள், அதுவும் ஆறியிருக்கும்போது சற்றே முன்பக்கம் சாய்ந்து நிற்கும்படி. சூடேறும்போது பின்பக்கம் போய் நேராகும். மூட்டுகளில் பழைய யு வடிவ இறுக்கி போட்டால் குழாய் நசுங்கிவிடும், அடுத்தமுறை பிரிக்கவும் முடியாது. அகலப் பட்டி இறுக்கி சில டொலர்தான் கூட. வளைவுகள் உள்ளே அச்சு வைத்து வளைத்தவையாக இருக்கவேண்டும். அழுத்தி வளைத்த குழாயில் நாலு அங்குலத்துக்குக் காசு கொடுத்து மூன்றரையைத்தான் வாங்குகிறீர்கள். ஒட்டுவதற்கு முன் பற்றரியின் இணைப்பைக் கழற்றுங்கள், வண்டியின் கணினிக்காக.

இழுவை வண்டிக்கு மட்டுமே உரிய ஒரு பரிசோதனை உண்டு. புதிதாகக் குழாய் போட்டவர்கள் பலர் அதைச் செய்வதில்லை. வண்டியை உயர்த்தியில் வைத்துக் குழாய் பூட்டும்போது பின் அச்சு கீழே தொங்கிக்கொண்டிருக்கும். எல்லாம் நல்ல இடைவெளியோடு தெரியும். ட்ரெயிலரைக் கொழுவியதும் அதன் மூக்குப் பாரம் வண்டியின் பின்பக்கத்தை இறக்க, அச்சு மேலே வரும், அச்சுக்கு மேலால் போகும் வளைவில் முட்டும். குழி ஒன்றில் விழுந்தால் அடிக்கும். அடி வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிறேக் குழாய் ஓடுகிறது. ஆகவே பாரத்தைக் கொழுவி, வண்டியைத் தரையில் நிறுத்தி, கீழே படுத்து, கைவிரல்களை வைத்து இடைவெளி பார்க்கவேண்டும். உபரிச் சில்லு, எரிபொருள் தாங்கி, ட்ரெயிலருக்குப் போகும் வயர்ச் செருகி மூன்றையும் பாருங்கள். குழாயின் வாய் வயர்ச் செருகிக்குக் கிட்டே நின்றால் அது இளகி, ஓடும் வழியில் ட்ரெயிலரின் பிறேக் விளக்கும் மின்பிறேக்கும் போய்விடும். வாயைப் பின்சில்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் திருப்பி விடுவதே என் வழக்கம்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு சிலிண்டர் எஞ்சின் நெடுஞ்சாலையில் 1,800 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 90 தடவை எரிகிறது. சைலன்சர் இல்லாத குழாயில் அது கபினுக்குள் ஒரு தாழ்ந்த முழக்கமாக வந்து குந்திக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு அது வீரமாகத் தெரியும். வடக்கே போய்வரும் ஆறேழு மணித்தியாலத்தில் ஓட்டுபவரின் தலையைக் குடையும், களைப்பைக் கூட்டும். துளையிட்ட நேர்க்குழாய்ச் சைலன்சர் வழியை மறிக்காது, முழக்கத்தையும் உறிஞ்சும். நான் சைலன்சர் இல்லாமல் ஒரு வண்டியையும் வெளியே விடுவதில்லை.

இப்போது வருவது எனக்கு மிக முக்கியமான விஷயம். 2007ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து வட அமெரிக்க டீசல் பிக்கப்களில் கரித்துகள் வடிகட்டி, டிபிஎஃப், வந்துவிட்டது. பிறகு நைதரசன் ஒக்சைட்டைக் குறைக்க 32.5 சதவீத யூரியாக் கரைசல் பீச்சும் முறையும் வந்தது. இந்த வண்டிகளுக்கு "எக்ஸோஸ்ட் பெரிசாக்குதல்" என்று வெளியே பேசப்படுவது, பெரும்பாலும் அந்த வடிகட்டியை வெட்டி எறிவதைத்தான். அது ஒன்ராறியோவிலும் சட்டவிரோதம், அமெரிக்காவிலும் சட்டவிரோதம். ஒன்ராறியோவில் கார்களுக்கான டிரைவ் கிளீன் புகைப் பரிசோதனை 2019இல் நின்றதைப் பலர் பிழையாக விளங்கிக்கொண்டார்கள். பரிசோதனைதான் நின்றது, கருவிகளைக் கழற்றுவதற்கு அனுமதி வரவில்லை.

சட்டத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, தொழில்முறையாகவே பாருங்கள். வடிகட்டி என்பது தேன்கூடு போன்ற நுண்கால்வாய்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக வாய் அடைத்திருப்பதால் வாயு சுவரின் நுண்துளைகளுக்குள்ளால் போகவேண்டும், கரி தங்கிவிடும். 300 பாகைக்கு மேல் வாயு தொடர்ந்து சூடாக இருந்தால் அந்தக் கரி நைதரசன் டையொக்சைட்டின் உதவியோடு தானாகவே எரிந்துகொண்டிருக்கும். சூடு போதாத வண்டிதான் கூடுதல் டீசலைச் செலவழித்து 550, 600 பாகைக்கு ஏற்றி எரிக்கவேண்டும். அப்படியென்றால் வடிகட்டி அடைபடுவது யாருக்கு? கடைக்கும் பாடசாலைக்கும் குறுந்தூரம் ஓடுபவருக்கு. பாரத்தை இழுத்து நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு வடிகட்டி தன்னைத் தானே துப்புரவாக வைத்திருக்கும். அதைக் கழற்றுவதற்கு மிகக் குறைந்த காரணம் உள்ளவர்களே அதைக் கழற்றச் சொல்லி வருகிறார்கள்.

அடைத்துவிட்டது என்று சொல்லிக் கொண்டுவரும் வண்டிகளில், அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சென்சரின் மெல்லிய குழாய் வெடித்திருப்பதையும், டர்போ காற்றுக் கசிந்து கரி அளவுக்கு மீறி வருவதையும் கண்டிருக்கிறேன். எஞ்சின் ஒயிலின் சாம்பல் மாத்திரம் எரியாமல் சேரும். வடிகட்டியைக் கழற்றி அதைச் சுத்தம் செய்யலாம். அதனால்தான் சாம்பல் குறைந்த சிகே-4 ஒயிலை மட்டும் ஊற்றச் சொல்கிறேன்.

2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் வரிசையில் சேர்த்தது. எங்கள் கராஜ்களில் ஜனவரி மாதத்துக் குளிரில் கதவு மூடித்தான் இருக்கும். புகையுறிஞ்சும் குழாய் இல்லாத காலத்தில் வேலை செய்த மூத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் புகையில் நின்ற ஒருவனாகச் சொல்கிறேன்: வடிகட்டியை வெட்டச் சொல்லி எவ்வளவு காசு தந்தாலும் என் கை அதற்கு எழாது. அந்த வண்டியின் பின்னால் வரும் பாடசாலை பஸ்ஸில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வடிகட்டி உள்ள வண்டிக்கு, அதற்குப் பின்னால் வரும் குழாயை மட்டும் மாற்றலாம். உக்கிப்போயிருந்தால் மாற்றுங்கள். சூட்டிலோ வலுவிலோ பெரிய வித்தியாசம் வராது. அந்தக் காசை கியர்ப் பெட்டியின் குளிர்விப்பானுக்கும் ட்ரெயிலரின் பிறேக்குக்கும் போடுவது மேல். இறக்கத்தில் உதவும் எக்ஸோஸ்ட் பிறேக் உங்கள் வண்டியில் இருந்தால் அது சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஏற்றத்தில் மெதுவாகப் போனால் நேரம்தான் போகும். இறக்கத்தில் நாலரைத் தொன் பின்னால் தள்ளும்போது போவது வேறு. எந்தப் புகைக்குழாயும் வண்டியின் இழுவை எல்லையைக் கூட்டுவதில்லை என்பதையும் மறக்கவேண்டாம். அந்த எண் சட்டகம், அச்சு, பிறேக், குளிர்விக்கும் முறை எல்லாவற்றையும் பார்த்துக் கொம்பனி எழுதியது.

பாரம் இழுத்துப் பிழைக்கும் எங்கள் ஆட்களிடம் நான் கேட்பது இதுதான். குழாய்க்குக் காசு கட்ட முன்னர் டர்போவுக்கு முன்னால் ஒரு வெப்பமானியைப் பூட்டுங்கள். உங்கள் வழமையான பாரத்தோடு உங்கள் வழமையான ஏற்றத்தில் ஓடிப் பாருங்கள். முள் 675ஐத் தாண்டினால் முதலில் கியரைக் குறைத்து, மிதியை இளக்குங்கள். பிறகு கராஜுக்கு வந்து காற்றுக் கசிவைத் தேடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சூடு இறங்காவிட்டால் வாருங்கள், நாலு அங்குலக் குழாய் போட்டுத் தருகிறேன்.